புதுப்பிப்பு: புறக்கோட்டை கடை ஸ்டொக் ரிப்போர்ட் இப்ப டக்கெண்டு வருது

போன கிழமை கேட்டிருந்தன், புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையின்ட பைத்தான் புரோகிராம்ல மாசக் கடைசி ஸ்டொக் ரிப்போர்ட் எடுக்க அரை மணித்தியாலத்துக்கு மேல போகுது, புதுக் கொம்பியூட்டர் வாங்கச் சொல்லவா எண்டு. தேவையே இல்ல, பிரச்சினை தீர்ந்துட்டு!

சீப்ரொஃபைல் (புரோகிராமின்ட எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற பைத்தான் கருவி) ஓட்டிப் பாக்கச் சொன்ன அண்ணாவுக்குப் பெரிய நன்றி. கனபேர் டேட்டாபேஸ்தான் எண்டு சொன்னீங்கள், ஆனா ஓட்டிப் பாத்தா நேரம் முழுக்கப் போறது ஒரே ஒரு ஃபங்ஷன்ல, பில்லில இருக்கிற ஒவ்வொரு பொருளின்ட கோடும் பழைய கோட் லிஸ்ட்டுக்குள்ள இருக்கா எண்டு தேடுற இடம். லிஸ்ட் எண்டா முதல்ல இருந்து ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போகும், இல்லாத கோட் எண்டா கடைசி மட்டும் போய்த்தான் இல்லையெண்டு சொல்லும், அதையே செட்டா மாத்தினா ஹாஷ் (கோட்ல இருந்து கணக்கிடுற ஒரு எண்) வச்சு நேரா அந்த இடத்துக்கே போயிடும், எத்தினை ஆயிரம் கோட் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். இப்ப முதலாளி பிளேன்டீ குடிச்சு முடிக்க முதல் ரிப்போர்ட் வந்துடுது, அவருக்குச் சரியான சந்தோசம்.

டேட்டாபேஸ்ல கெதியாத் தேட இன்டெக்ஸ் போடச் சொன்ன தம்பிக்கு: அதுவும் போட்டன், ஆனா டேட்டாபேஸ் எடுத்தது மொத்த நேரத்தில நூற்றுக்கு 5 கூட இல்ல, அதைப் பூச்சியமாக்கினாலும் மிச்சம் 95 அப்பிடியே நிக்கும், கொம்பியூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967ல சொன்ன கணக்கு இதுதான்.

இனி பிடிஎஃப் ஆக்கிற பகுதிதான் கூட நேரம் எடுக்குது, ஆராவது பைத்தான்ல பிடிஎஃப் ஆக்கிற ரிப்போர்ட்லாப் லைப்ரரி பாவிச்சிருந்தா சொல்லுங்கோ.