பெரிய வெள்ளிக்கு ஷூட்ஸின் ‘ஏழு வார்த்தைகள்’: 12 பேர் கொயர் எப்படித் தயாராவது?

ஈரோடு_கொயர்

வணக்கமுங்க. வர்ற பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸோட ‘ஏழு வார்த்தைகள்’ (இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகளுக்கான இசை) பாடலாம்னு இருக்கோம். கொயர்ல 12 பேர்: சோப்ரானோ 4, ஆல்ட்டோ 3, டெனர் 2, பேஸ் 3. பாதிப் பேர் ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) பார்த்துப் பாடுவாங்க, மீதிப் பேருக்கு டோனிக் சோல்ஃபாதான் (டோ-ரே-மி-யை எழுத்தா எழுதுற முறை). யமஹா அரேஞ்சர் கீபோர்டு ஒண்ணு இருக்கு. வயலின் ரெண்டு கிடைக்கும், அதுல ஒருத்தர் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர். செல்லோ கிடையாது. லெந்து காலம் முழுக்கப் பயிற்சிக்கு நேரம் இருக்குங்க.

ரெண்டு டெனரை வச்சுட்டு இது முடியுமா? ஆராதனையில வர்ற ஏழு செய்திக்கு (பிரசங்கத்துக்கு) நடுவுல ஒவ்வொரு வார்த்தையாப் பிரிச்சுப் பாடலாமா? ஜெர்மன்லயே பாடணுமா? கீபோர்டுல எந்தச் சத்தம் வைக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்குமுங்க.

கோவை_பேஸ்

நல்ல தேர்வுங்க. ஆள் குறைவு என்று தயங்க வேண்டாம். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் டிரெஸ்டன் அரசவை இசைக்குழு மிகவும் சுருங்கிப்போயிருந்தது. அந்த வருடங்களில் ஷூட்ஸ் எழுதியவை பலவும் நாலைந்து குரலும் ஓர் ஆர்கனும் இருந்தால் பாடக்கூடியவை. இதுவும் 1645 வாக்கில் எழுதியது என்பார்கள். 5 குரல், 5 வாத்தியம், ஆர்கன். மொத்தம் 20 நிமிடம்கூட வராது.

தொடக்கத்திலும் முடிவிலும் 5 குரல் கோரஸ். இரண்டும் ஒரே பழைய ஜெர்மன் சிலுவைப் பாட்டின் சரணங்கள். முதல் கோரஸுக்குப் பிறகு வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் சிம்ஃபோனியா. கடைசி கோரஸுக்கு முன் அதே சிம்ஃபோனியா மறுபடி வரும். நடுவில் நற்செய்தி வசனங்கள். அவற்றை ஒரே ஆள் பாடுவதில்லை. குரல் மாறி மாறி வரும், சில இடங்களில் நான்கு குரலும் சேர்ந்து சொல்லும். இயேசுவின் வரிகள் மட்டும் முழுக்க இரண்டாம் டெனருக்கு. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் இரண்டு வாத்தியங்கள் கூட வரும், வேறு யாருக்கும் வராது. 1727-இல் பாஹ் தன் மத்தேயு பாஷனில் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசையில்) இயேசுவின் குரலைச் சுற்றித் தந்தி வாத்தியங்களை வைத்ததை எல்லோரும் வியந்து பேசுவார்கள். 80 வருடம் முன்பே அது இங்கே இருக்கிறது. ஆகவே எதை விட்டாலும் அந்த இரண்டு வயலினை விட்டுவிடாதீங்க.

கோரஸுக்குத் தேவை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர் இரண்டு, பேஸ். உங்கள் 12 பேரை இப்படி மாற்றுங்க: கீழே நன்றாக இறங்கும் ஓர் ஆல்ட்டோவை முதல் டெனருக்கும், மேலே சிரமமில்லாமல் போகும் ஒரு பேஸை இரண்டாம் டெனருக்கும், ஒரு சோப்ரானோவை ஆல்ட்டோவுக்கும் கொண்டு வந்தால் 3, 3, 2, 2, 2 என்று அமைந்துவிடும். சோப்ரானோவை நாலாகவே விட்டால் நடுக்குரல் மூன்றும் கேட்காது. ஷூட்ஸின் உயிரே அந்த நடுக்குரல்களில்தான்.

செய்திகளுக்கு நடுவே பிரித்துப் பாட வேண்டாங்க. நம் ஆராதனையில் இரண்டாம் வார்த்தை ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’, மூன்றாவது ‘ஸ்திரீயே, அதோ, உன் மகன்’. ஷூட்ஸில் இவை இரண்டும் இடம் மாறி வருகின்றன. பிரித்தால் செய்தியாளர் ஒன்றைப் பேசி முடிக்க, கொயர் வேறொன்றைப் பாடும். அதோடு, வசனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நிற்காமல் ஓடுவதற்கென்று எழுதியவை. பிரசங்க இடைவெளிக்கென்றே எழுதியது இதே ஏழு வார்த்தைகளுக்கான ஹைடனின் இசை, அது வேறு. ஏழாவது செய்தி முடிந்ததும் முழுதாக ஒரே மூச்சில் பாடுங்க. இந்த மாற்றத்தை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி, தமிழ் வசனங்களை ஷூட்ஸின் வரிசையில் அச்சடித்துச் சபையார் கையில் கொடுத்துவிடுங்க.

ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையதளத்தில் கிடைக்கும் ஷ்பிட்டாவின் பழைய பதிப்பு இலவசம். ஆனால் அதில் குரல்களுக்குப் பழைய சி கிளெஃப் (சுர இடத்தைக் காட்டும் தொடக்கக் குறி). சி.பி.டி.எல். என்ற கொயர் இசைத் தளத்தில் இன்றைய கிளெஃபில் தேடுங்க. கோரஸ் ஒரு பதிப்பு, வயலின் பார்ட் வேறு பதிப்பு என்று கலக்கக் கூடாது. ஒருவர் சுருதி இறக்கியிருப்பார், இன்னொருவர் இறக்கியிருக்க மாட்டார்.

கீபோர்டு_திருப்பூர்

கீபோர்டில் பெயர் பார்த்து ‘சர்ச் ஆர்கன்’, ‘ஃபுல் ஆர்கன்’ எடுக்காதீர்கள். 12 பேரை மூழ்கடித்துவிடும். 8 அடி ஃப்ளூட் (எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும் மெல்லிய ஆர்கன் சத்தம்) ஒன்று மட்டும் போதும். டிராபார் (ஆர்கன் சத்தத்தைக் கலக்கும் இழுப்பு) இருந்தால் முதல் வெள்ளை டிராபாரை மட்டும் இழுங்கள். கோரஸுக்கு 4 அடியை (ஓர் ஆக்டேவ் மேலே ஒலிப்பது) கொஞ்சம் சேர்க்கலாம். ரோட்டரி ஸ்பீக்கர், கோரஸ் எஃபெக்ட், ரிவர்ப் மூன்றும் ஆஃப். ஒலியை ஆலயத்தின் நெட்டையான ‘காலம்’ ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொயருக்குப் பின்னால் தரையில் வையுங்கள். பாடுகிறவர்களுக்குக் கேட்க வேண்டிய சத்தம் அது.

அடுத்தது சுருதி அமைப்பு. ஷூட்ஸ் காலத்து ஆர்கன்கள் மீன்டோனில் (மேஜர் தேர்ட் இயல்பாக ஒலிக்கும்படி அமைத்த பழைய சுருதி முறையில்) இருந்தவை. கீபோர்டின் சம சுருதியில் மேஜர் தேர்ட் (சி–இ போன்ற இடைவெளி) 400 சென்ட் (அரை சுரம் 100 சென்ட்), இயல்பான தேர்ட் 386 சென்ட். கொயர் நன்றாகக் கேட்டுப் பாடினால் தானாகவே 386-க்குத்தான் போகும். அப்போது கீபோர்டு 14 சென்ட் மேலே நின்று ஒவ்வொரு முடிவிலும் உரசும். யமஹா அரேஞ்சர்கள் பலவற்றில் ‘ஸ்கேல் டியூன்’ பகுதி உண்டு, அதில் மீன்டோனும் இருக்கும். அதைப் போட்டு, அடிப்படைச் சுரமாக சி வையுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கட்டையில் வரும் டி ஷார்ப்பும் இ ஃபிளாட்டும் மீன்டோனில் ஒன்றல்ல, ஏறக்குறைய 41 சென்ட் வித்தியாசம். கீபோர்டில் இருப்பது பெரும்பாலும் இ ஃபிளாட். ஸ்கோர் முழுக்கப் பென்சிலோடு போய் இந்த இரண்டில் எது வருகிறது என்று குறியுங்கள். டி ஷார்ப்தான் என்றால் அந்த ஒரு கட்டையை மட்டும் 41 சென்ட் இறக்கிவிடலாம். ஜி ஷார்ப்பா ஏ ஃபிளாட்டா என்பதையும் அப்படியே பாருங்கள். இரண்டும் கலந்து வந்தால், எது குறைவோ அந்த இடங்களில் அந்தச் சுரத்தை வாசிக்காமல் குரலுக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்கேல் டியூன் இல்லாத கீபோர்டா? கோரஸ்களின் இறுதிக் கார்டில் வலது கையில் தேர்டை விட்டுவிட்டு, ஆக்டேவும் ஃபிஃப்த்தும் மட்டும் பிடியுங்கள். ஃபிஃப்த்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், யாருக்கும் உறுத்தாது.

எந்தக் கார்டு பிடிக்க வேண்டும் என்று காட்டும் எண்கள் பேஸ் வரிக்கு மேல் குறைவாகத்தான் இருக்கும். எண் இல்லை என்றால் சாதாரணக் கார்டு. 6 என்றால் முதல் தலைகீழ் (கார்டின் தேர்ட் அடியில் வருவது). 4–3 என்றால் 4-ஐ அழுத்தி, 3-ஐ மெதுவாக. வலது கையில் மூன்று சுரத்துக்கு மேல் வேண்டாம், சோப்ரானோவுக்கு மேலே போகவே வேண்டாம். சிம்ஃபோனியாவில் இரண்டு வயலினும் மேல் இரண்டு வரியை எடுக்கட்டும், மீதி மூன்றையும் கீபோர்டு வாசித்தால் போதும். செல்லோ இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது.

ஆல்ட்டோ_சேலம்

ஜெர்மனிலேயே பாடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஷூட்ஸின் தாளம் சொல்லின் அழுத்தத்திலிருந்து பிறப்பது. தமிழ்ச் சொற்களை அதே சுரத்தில் வைத்தால் அழுத்தமெல்லாம் தவறான அசையில் விழும். சபைக்குப் பொருள் தெரியாதோ என்ற கவலையும் வேண்டாம், ஏழு வசனங்களும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கும்போது கவனம் தேவை. நம் வாய், இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வல்லினத்தைத் தானாகவே மென்மையாக்கிவிடும். ‘பிதா’ என்பதற்கான ஜெர்மன் சொல்லை ‘ஃபாடர்’ என்று எழுதினால் நடு எழுத்து குழைந்துவிடும். ‘ஃபாட்டர்’ என்று இரட்டித்து எழுதுங்கள். ‘இன்றைக்கு’ என்பது ‘ஹொய்ட்டெ’, ‘ஹொய்டெ’ அல்ல. ‘உன்ட்’ என்பதில் கடைசி ட் வெடிப்போடு நிற்க வேண்டும், ‘உண்டு’ என்பதன் பாதியாக ஆகக் கூடாது. ‘ஸ்திரீயே’ என்பது ‘வைப்’. கடைசி ப்-இல் உதடு மூடித் திறக்க வேண்டும். சிலுவை ‘க்ரொய்ட்ஸெ’. இதில் ட்ஸ் ஒரே ஒலி.

‘முடிந்தது’ என்பதற்கான ‘ஃபோல்ப்ராஹ்ட்’ என்ற சொல்லில் ஹ் என்று எழுதியிருப்பது தொண்டையில் உரசும் ஒலி. ‘எஃகு’, ‘அஃது’ என்பவற்றை இலக்கண வகுப்பில் ஆய்தத்தோடு அழுத்திச் சொல்வோமே, அதே இடம். ‘தாகமாயிருக்கிறேன்’ என்பதில் வரும் ‘மிஹ்’ அப்படியல்ல. அது நாக்கின் முன்பக்கத்தில், மூச்சு மட்டும் வரும் ஒலி. ‘மிஷ்’ என்றும் ‘மிக்’ என்றும் இரண்டு அணியாகப் பாடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அதே வரியின் அடுத்த சொல் ‘ட்யூர்ஸ்டெட்’. உதட்டை ‘ஊ’ போலக் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொன்னால் அந்த உயிர் கிடைக்கும்.

முதல் இரண்டு பயிற்சியில் சுரமே வேண்டாம். சொற்களைத் தாளத்தோடு பேசிப் பழகுங்கள். சோல்ஃபாவில் எழுதிக் கொடுத்தவர்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் உள்ள நேர்க்கோட்டைப் பார்த்ததும் அங்கே அழுத்துவது கைவந்த பழக்கம். இந்த இசையில் கோட்டுக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. அழுத்த வேண்டிய அசைகளை அடிக்கோடிட்டே நகல் எடுங்கள். கோரஸ்களையும் நான்கு குரல் பகுதிகளையும் மட்டும் சோல்ஃபாவுக்கு மாற்றினால் போதும். தனிப்பாடல்களை ஸ்டாஃப் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

ஈரோடு_கொயர்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க கொயர் வாத்தியம் இல்லாம ஒரு பக்கம் பாடினாலே அரை சுரம் இறங்கிருது, அதுக்கு என்ன வழி? இயேசு வரிகளைப் பாடப் போறவர் உண்மையில பாரிட்டோன், மேல போனா இறுக்கமாயிருது. ஏப்ரல் மத்தியான வெயில்ல ஃபேனை நிறுத்தவும் சபையில ஒத்துக்க மாட்டாங்க.

வயலின்_கோவை

பாரிட்டோனுக்கு வழி இருக்குங்க. மொத்தத்தையும் அரை சுரம் இறக்கிடுங்க. பரோக் குழுக்கள் இன்னிக்கு ஏ-வை 415 ஹெர்ட்ஸ்ல வச்சு வாசிக்கிறதும் ஏறக்குறைய அதே அளவுதான். கீபோர்டுல டிரான்ஸ்போஸ் கழித்தல் 1. வயலின்ல நாலு கம்பியையும் அரை சுரம் தளர்த்தணும். அதை அன்னிக்குக் காலையில செய்யாம ரெண்டு நாள் முன்னாடியே செஞ்சாத்தான் சுருதி நிக்கும்.

கர்நாடக வயலின்காரர் ஸ-ப-ஸ-ப வச்சிருப்பார். அவரை ஜி-டி-ஏ-இ முறைக்கு மாத்தச் சொல்லுங்க, இல்லைன்னா விரல் கணக்கே வராது. கமகம் கூடாது, சுரத்துக்குச் சுரம் ஜாரு கூடாது, வில் ஒவ்வொரு சுரத்துலயும் நடுவுல கொஞ்சம் வீங்கி அடங்கணும். ரெண்டாம் பார்ட் கடைசி ஜி கம்பிக்குக் கீழ போகுதான்னு முதல்லயே பார்த்துக்குங்க. போனா அந்தச் சுரங்களைக் கீபோர்டு எடுத்துக்கணும், ஒரு ஆக்டேவ் தூக்கி வாசிச்சா இயேசுவோட குரலுக்கு மேல கீச்சுன்னு நிக்கும்.

கோவை_பேஸ்

சுருதி இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இறங்கு சுரங்கள்தாங்க. கீழே வரும் அரைச் சுரத்தை அகலமாக எடுத்து வைக்கிறார்கள், மேலே ஏறும் முழுச் சுரத்தைக் குறுக்கிவிடுகிறார்கள். ஒரே சுரத்தில் நிற்கும் ஆல்ட்டோ, டெனர் வரிகளிலும் ஒவ்வோர் அசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். எலக்ட்ரானிக் தம்புராவை இறுதிச் சுரத்துக்கு வைத்து, பேஸ் ஸட்ஜமம், டெனர் பஞ்சமம், ஆல்ட்டோ அந்தர காந்தாரம் பிடிக்கட்டும். நல்ல தம்புராவில் ஸட்ஜமத்துக்குள்ளேயே அந்தக் காந்தாரம் கேட்கும், அதுதான் மேலே சொன்ன 386 சென்ட். ஒவ்வொரு பயிற்சியிலும் 5 நிமிடம் இதற்குக் கொடுங்க. பிறகு கோரஸின் முடிவுகளை மட்டும் தனியே எடுத்து, தம்புராவோடு மெதுவாகப் பாடுங்க. நிகழ்ச்சியில் கோரஸைத் துணையில்லாமல் பாடவே வேண்டாம், ஆர்கன் கூடவே இருக்கட்டும்.

நடத்துகிறவருக்கு ஒரு வார்த்தை. நான்கு தட்டு போட்டால் இந்த இசை அணிவகுப்பு ஆகிவிடும். கை ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறுவது, அவ்வளவே அன்றைய முறை. நோட்டு மதிப்பைப் பாதியாக்காத பதிப்பில் மினிம் (அரை நோட்டு) நிமிடத்துக்கு 50-க்கும் 60-க்கும் நடுவில் வைத்தால் சொற்கள் தெளிவாக விழும். தனிக்குரல் வசனங்களில் கையைக் கீழே போட்டுவிடுங்க. கீபோர்டு பாடுகிறவரின் வாயைப் பார்த்து வாசிக்கட்டும். நான்கு குரல் சேரும் இடத்தில் மட்டும் மூச்சைக் காட்டினால் போதும். கீபோர்டும் வயலினும் இயேசு பாடுகிறவருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை. கொயருக்கு மேலே உள்ளதையும் முன் மூன்று வரிசையையும் அந்த 20 நிமிடம் மட்டும் நிறுத்தச் சொல்லிப் பாருங்க. சத்தத்தைவிடப் பெரிய தொல்லை, காற்று தொண்டையை உலர்த்துவதும் தாளைப் புரட்டுவதும்தான். நகல்களைக் கெட்டி அட்டையில் ஒட்டிவிடுங்க. மைக் வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு ஜோடி, மிக்சரில் எக்கோ பூஜ்ஜியம்.

கீபோர்டு_திருப்பூர்

முடிந்ததும் சபையோடு ‘இரத்தம் காயம் குத்தும்’ பாடினால் பொருத்தமாக இருக்கும். அதன் ராகம் 1601-இல் ஹாஸ்லர் எழுதியது, ஷூட்ஸின் இளமைக் காலத்துக்காரர். ஆனால் அதற்கு முன் கீபோர்டில் மீன்டோனையும் டிரான்ஸ்போஸையும் நீக்கியாக வேண்டும். மறந்து ஃபிளாட் அதிகமுள்ள சுருதியில் தொடங்கினால் கார்டுகள் ஊளையிடும். ஷூட்ஸுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி, சபைப் பாட்டுக்கு இன்னொன்று என்று முதலிலேயே சேமித்து, ஒரே பட்டனில் மாறுகிறதா என்று பயிற்சியில் சரிபாருங்கள். மாறிய பிறகு சி–இ–ஜி கார்டைப் பிடித்தால் தேர்ட் லேசாகத் துடிக்க வேண்டும். துடிக்காமல் அமைதியாக நின்றால் மீன்டோன் இன்னும் போகவில்லை. தளர்த்திய வயலின்கள் அந்தப் பாட்டில் சேர வேண்டாம்.