'தி ராக்கெட்டியர்' (1991): பழைய தொடர்படங்களின் வாரிசா, வேடம் மட்டும் தானா?

பழையசுருள் எழுதியது:

ஜோ ஜான்ஸ்டன் இயக்கி டிஸ்னி நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'தி ராக்கெட்டியர்' படத்தை, அரங்குகளில் வாரம் ஓர் அத்தியாயமாகக் காட்டப்பட்ட அமெரிக்கத் தொடர்படங்களுக்குச் செலுத்தப்பட்ட மிகச் சிறந்த அஞ்சலி என்று பலரும் எழுதிவருகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1938ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலீஸ், தோல் சட்டை, பளபளக்கும் தலைக்கவசம், முதுகில் ராக்கெட் என்று தோற்றத்தில் குறையேதும் இல்லை. ஆனால் தொடர்படத்தை ஓட்டிச்சென்றது தோற்றமன்று, வேகம். ரிபப்ளிக் நிறுவனத்தின் 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' (1949) 12 அத்தியாயங்களாக வந்தது. கடைசி ஒன்றைத் தவிர, ஒவ்வோர் அத்தியாயமும் நாயகனையோ அவனுக்கு வேண்டியவர்களையோ சாவின் விளிம்பில் நிறுத்திவிட்டுத்தான் முடியும். சனிக்கிழமைக் காட்சிக்கு வந்த சிறுவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள் என்றால் அந்த விளிம்புதான் காரணம். ஜான்ஸ்டனின் படத்திலோ நாயகன் கிளிஃப் வானில் எழும்புவதைக் காண அரைமணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தொடர்படக் கணக்கில் அதற்குள் இரண்டு அத்தியாயங்கள் முடிந்திருக்கும்.

நெய்தலான் எழுதியது:

நண்பர் பழையசுருள் அவர்களே, விளிம்பில் நிறுத்துவதைப் பாராட்டுகிறீர்கள். அந்த விளிம்பிலிருந்து நாயகன் எப்படித் தப்பினான் என்பதையும் பேச வேண்டும் அல்லவா? நாயகன் உள்ளே இருக்கும்போதே கார் பள்ளத்தில் விழுந்து வெடிப்பதோடு ஓர் அத்தியாயம் முடியும். அடுத்த வாரம் அதே காட்சியைத் திரும்பக் காட்டும்போது, முன்பு நாம் பார்த்திராத ஒரு துண்டு நடுவே செருகப்பட்டிருக்கும். கார் விழுவதற்கு முன்பே அவன் கதவைத் திறந்து குதித்துவிடுவான். இந்த ஏமாற்று வேலை தொடர்படங்களில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. 'தி ராக்கெட்டியர்' பார்வையாளரிடம் அப்படி நடந்துகொள்வதில்லை என்பதுதான் அதன் பெருமை.

படத்தில் வரும் சூயிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிஃப் எப்போதும் மெல்லும் பொருள் அது. துப்பாக்கிச் சண்டையில் ஒரு குண்டு ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியைத் துளைத்துவிட, அவனுடைய நண்பரும் மெக்கானிக்குமான பீவி அந்தச் சூயிங்கத்தை வைத்தே ஓட்டையை அடைக்கிறார். சிறிய காட்சிதான், வந்த வேகத்தில் கடந்துபோய்விடுகிறது. இறுதியில் எரியும் ஆகாயக் கப்பலில், வில்லன் சின்கிளேரிடம் ராக்கெட்டை ஒப்படைக்கும் முன், கிளிஃப் யாருக்கும் தெரியாமல் அந்த அடைப்பைப் பிடுங்கிவிடுகிறான். கசிந்த எரிபொருள் தீப்பற்ற, சின்கிளேர் மலைமேல் நிற்கும் ஹாலிவுட்லேண்ட் பெயர்ப்பலகையில் போய் விழுந்து மடிகிறான். புதிதாக எதையும் செருகாமல், நம் கண்முன் முன்பே வைத்திருந்த பொருளைக் கொண்டே கதை முடிகிறது. வாரிசு என்பவன் முன்னோரின் குறையைச் சீர்செய்து எடுத்துச்செல்பவன் என்றே நான் கருதுகிறேன்.

பழையசுருள் எழுதியது:

சூயிங்கக் காட்சி நல்ல திரைக்கதைக்குச் சான்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எந்தக் காலத்துத் திரைக்கதைக்கும் பொருந்தும் நற்பண்பு, தொடர்படத்தின் தனித்தன்மையாகாது. செருகப்பட்ட துண்டைச் சிறுவர்கள் கண்டுபிடிக்காமல் இல்லை. ஒரு வாரம் முழுக்கத் தெருவில் கூடி, எப்படித் தப்பியிருப்பான் என்று அவர்களே பத்து வழிகளைக் கற்பனை செய்திருப்பார்கள். அந்த ஒரு வாரத்தையும் சேர்த்ததுதான் தொடர்படம். 108 நிமிடப் படத்தால் அதைத் தர இயலாது.

பறப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரிபப்ளிக்கில் ஹோவர்ட், தியோடோர் லைடெக்கர் சகோதரர்கள் செய்த வேலையை அருகில் சென்று பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். 1941இல் வந்த 'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்' படத்துக்காக ஆளுயரக் காகிதக்கூழ் பொம்மை ஒன்றைச் செய்து, மெல்லிய கம்பிகளில் கப்பிகளைப் பூட்டி, திறந்த வெளியில், உண்மையான வெயிலில் சறுக்கவிட்டார்கள். மலையும் வானமும் பின்னணியில் நிற்க, நிழலோடு ஓர் உருவம் உண்மையாகவே காற்றைக் கிழித்துச் செல்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து ராக்கெட் மனிதன் பறந்ததும் அதே முறையில்தான். அவனுடைய சட்டையின் மார்பில் மேலே, கீழே, வேகம், மெது என்று எழுதிய ஒருசில திருகுகளே இருந்தன. நான்கு எட்டு ஓடி ஒரு தாவு தாவினால் வானத்தில் இருப்பான். பணமில்லாத இடத்தில் பிறந்த அந்தத் துணிவு, ஜான்ஸ்டன் படத்தின் சிறப்புக்காட்சிகளைச் செய்த ஐஎல்எம் (இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்) கூடத்தின் நேர்த்தியான ஒட்டுக்காட்சிகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

நெய்தலான் எழுதியது:

லைடெக்கர் சகோதரர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் ஜான்ஸ்டன் அவர்களை மறக்கவில்லை என்பதற்குப் படத்திலேயே சான்று இருக்கிறது. கிளிஃபும் பீவியும் ராக்கெட்டை முதலில் சோதிப்பது மனிதன் மேல் அன்று. ஒரு சிலையைக் கொண்டுவந்து, அதன் முதுகில் ராக்கெட்டைக் கட்டி, இரவில் வயல்வெளியில் பறக்கவிடுகிறார்கள். உயிரற்ற ஓர் உருவம் வானத்தில் சீறிச்செல்வதை வாய் பிளந்து பார்க்கும் அந்த இருவரிடத்தில், பொம்மையைக் கம்பியில் ஏற்றிவிட்டு அண்ணாந்து நின்ற கலைஞர்களைத்தான் நான் காண்கிறேன்.

தாமதம் பற்றிய குற்றச்சாட்டுக்கும் இதிலேயே விடை உள்ளது. கிளிஃப் முதலில் பறப்பது புகழுக்காக அன்று. விமானக் காட்சியில் தனக்குப் பதிலாகப் பழைய விமானத்தில் ஏறிவிட்ட முதியவர் மால்கமைக் காப்பாற்ற வேறு வழியில்லாததால்தான் ராக்கெட்டை மாட்டிக்கொள்கிறான். மால்கம் யார், கிளிஃப் ஏன் வேலையின்றித் தவிக்கிறான் என்பதெல்லாம் அதற்குள் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் பறத்தலுக்குக் கனம் வருகிறது. தடுமாறி, இடித்துக்கொண்டு, திசை புரியாமல் அவன் பறப்பதைப் போல 1949இன் நாயகன் ஒருபோதும் பறந்ததில்லை.

மாலைக்காட்சி எழுதியது:

இருவரும் பறப்பதையே பேசுகிறீர்கள். வில்லனைப் பற்றி நான் ஒன்று சொல்லலாமா? பல தொடர்படங்களில் வில்லனின் முகம் கடைசிவரை மறைந்திருக்கும். 1949 படத்தின் டாக்டர் வல்கன் யார் என்பது அறிவியலாளர் கூட்டத்துக்குள்ளேயே ஒளித்துவைக்கப்பட்ட புதிர். 'தி ராக்கெட்டியர்' அந்தப் புதிரைக் கைவிட்டு, டிமதி டால்டன் நடித்த நெவில் சின்கிளேரைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறது. அவன் ஒரு திரை நாயகன், உள்ளுக்குள் நாஜி உளவாளி. அந்தப் புகழ்தான் அவனுடைய முகமூடி. கிளிஃபின் காதலி ஜென்னியிடம் அவன் காதல் மொழியாகப் பேசுவதெல்லாம் தான் நடித்த படங்களின் வசனங்கள், அதை அவள் கண்டுபிடித்தும் விடுகிறாள். எந்தத் தொடர்படமும் இந்தளவுக்குத் திரைப்படத்தையே கேள்வி கேட்டதில்லை.

ஆனால் இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சின்கிளேர் யாரை நினைவூட்டுகிறான் என்பது வெளிப்படை. ஹாலிவுட் நடிகர் எரல் ஃபிளின் நாஜி உளவாளி என்று 1980இல் சார்லஸ் ஹைம் எழுதிய நூல் குற்றஞ்சாட்டியது. ஃபிளினின் வாழ்க்கையை ஆராய்ந்த பிறர் அதை வன்மையாக மறுத்தார்கள். இறந்துபோனவரால் பதில் சொல்ல இயலாத ஒரு பழியை, பெயர் மாற்றி, சிறுவர்களுக்கான படத்தில் நிலைநிறுத்தியது நியாயமா?

நெய்தலான் எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானதே. அந்தச் சாயல் இல்லாமலேயே சின்கிளேர் சிறந்த வில்லனாக நின்றிருப்பான்.

பழையசுருள் அவர்களுக்கு இன்னொன்று. படத்தின் முடிவில் ராக்கெட் அழிந்துவிடுகிறது; ஆனால் அதன் வரைபடங்களைச் சின்கிளேரின் வீட்டிலிருந்து எடுத்துவந்த ஜென்னி, அவற்றைப் பீவியிடம் கொடுக்கிறாள். இது 'தொடரும்' என்ற அறிவிப்பு அல்லாமல் வேறென்ன?

பழையசுருள் எழுதியது:

ஆம், அது 'தொடரும்' தான். ஆனால் தொடரவில்லையே. அமெரிக்காவில் படம் ஈட்டியது ஏறத்தாழ 4.67 கோடி டாலர். எதிர்பார்த்த அளவுக்கு வசூல் இல்லாததால் திட்டமிட்டிருந்த அடுத்த பாகங்கள் கைவிடப்பட்டன. ரிபப்ளிக் 'தொடரும்' என்று போட்டபோது அடுத்த அத்தியாயம் முன்பே படமாக்கப்பட்டிருந்தது. பணம் போதவில்லை என்றால் பழைய படத்தின் காட்சியை எடுத்து ஒட்டினார்கள். 1949 தொடரின் இறுதியில் நியூயார்க்கை மூழ்கடிக்கும் வெள்ளம் 1933இல் வந்த 'டெல்யூஜ்' படத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். அடுத்த சனிக்கிழமை அரங்குக்குப் போகும் சிறுவனுக்கு அவர்கள் கொடுத்த வாக்கு எப்படியும் காப்பாற்றப்பட்டது. ஜென்னி கொடுத்த வரைபடங்கள் இன்னும் பீவியின் கையிலேயே இருக்கின்றன.