ஒரே கொலை, நாலு வாக்குமூலம்: ராஷோமோன், அந்த நாள், விருமாண்டி

தவளைக்கிணறு கேட்டது:

கதை முடிவுகளை எல்லாம் உடைத்துத்தான் பேசப்போகிறேன். மூன்று படங்களையும் பார்க்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

போன வாரம் தம்பியோடு உட்கார்ந்து குரோசவா இயக்கிய ஜப்பானியப் படம் ராஷோமோன் பார்த்தேன். காட்டில் ஒருவன் செத்துக்கிடக்கிறான், அது எப்படி நடந்தது என்று கொள்ளைக்காரன், செத்தவனின் மனைவி, ஆவியாக வரும் செத்தவன், விறகுவெட்டி என நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். படம் முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சரி, கடைசியில் யார்தான் கொன்றது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு விருமாண்டி தலைகீழ்ப் பாடம், "அதில் எல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுவார்களே, இது என்ன பாதியில் விட்ட மாதிரி" என்று சலித்துக்கொண்டான். அப்புறம் எனக்கே குழப்பம். ஒரு சம்பவத்தைப் பல பேர் வாயால் சொல்ல வைப்பது உண்மை ஒன்றல்ல என்று காட்டும் உத்தி என்று கல்லூரியில் எழுதிப்போட்டார்கள், நாங்களும் அப்படியே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் அந்த நாள் படத்திலும் அதே உத்திதான், விருமாண்டியிலும் அதேதான். இரண்டிலும் உண்மையைக் கடைசியில் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அப்படியானால் உத்திக்கென்று சொந்தப் பொருள் எதுவும் கிடையாதா? இல்லை நம் ஆட்கள் ராஷோமோனைத் தப்பாகப் புரிந்துகொண்டார்களா?

ஓலைப்பெட்டி:

நம் ஆட்களை விடுங்கள், குரோசவாவே மூலக்கதையை அப்படியே எடுக்கவில்லை. 1950இல் வந்த அந்தப் படத்தின் கொலைக்கதை ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் எழுதிய 'யபு நோ நகா', அதாவது புதருக்குள்ளே. ராஷோமோன் என்பது அவர் 1915இல் எழுதிய வேறொரு கதை, அதிலிருந்து பாழடைந்த நகர வாயிலையும் மழையையும்தான் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அங்கே மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் இந்தக் கொலைக்கதையைப் பேசிக்கொள்கிறார்கள்.

சிறுகதையில் கதைசொல்லி என்று ஒருவர் கிடையவே கிடையாது. ஏழு வாக்குமூலங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவ்வளவுதான். முதல் நான்கு விசாரணை அதிகாரியிடம் சொன்னவை என்று தலைப்பிலேயே இருக்கும். கொள்ளைக்காரனின் ஒப்புதலும் அந்த விசாரணையில்தான். அந்தப் பெண் பேசுவது மட்டும் கியோமிசு கோயிலில், பாவமன்னிப்பு கேட்கும் தொனியில். செத்துப்போன கணவன் ஒரு சாமியாடி வழியாகப் பேசுகிறான். அதாவது கேட்கும் ஆள் மாறிக்கொண்டே போகிறார். படத்தில் அந்தப் பெண்ணையும் நீதிமன்ற முற்றத்துக்கே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே விசாரிப்பவரின் முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எல்லோரும் கேமராவுக்கு நேராக உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். உங்கள் தம்பி எரிச்சல்பட்டதில் நியாயம் இருக்கிறது, நீதிபதி நாற்காலியில் அவனை உட்காரவைத்துவிட்டுத் தீர்ப்பெழுதத் தேவையானதை மட்டும் கொடுக்கவில்லை.

அதனால் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதைவிட யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நாளில் கேட்பவர் துப்பறியும் அதிகாரி, ஜாவர் சீதாராமன். அவர் விடை கண்டுபிடிக்க வந்தவர், எனவே விடை கிடைத்தாக வேண்டும். விருமாண்டியில் கேட்பது ஆவணப்படம் எடுக்க ஜெயிலுக்கு வரும் ரோகிணியின் கேமரா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுகதையில் செத்த கணவன், இருட்டு சூழும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வந்து தன் நெஞ்சில் இருந்த குறுவாளை மெல்ல உருவியது என்கிறான். யார் கை என்று அகுதாகவா சொல்லவில்லை. குரோசவா அந்தக் கைக்கு ஆள் கண்டுபிடித்தார், விறகுவெட்டி! கதையில் சும்மா பிணத்தைப் பார்த்தவனாக வந்துபோகும் ஆள், படத்தில் எல்லாவற்றையும் பார்த்தவன், அந்தக் குறுவாளைத் திருடியவன், அதை மறைக்க நீதிமன்றத்தில் பொய் சொன்னவன். நடுநிலைச் சாட்சி என்று நாம் நம்பிய ஒரே ஆளும் போய்விட்டான். அப்புறம் ஏற்கெனவே ஆறு பிள்ளை பெற்ற அதே ஆள் வாயிலில் கிடந்த அநாதைக் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறான், மழை நிற்கிறது. அந்த முடிவு எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். ஆனால் திருட்டு அம்பலமான பிறகு வருவதால்தான் தொண்டையில் இறங்குகிறது.

வைகைக்கரை:

விருமாண்டி பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் உயிர்நாடியே வரிசைதான். பசுபதியின் கொத்தாளத் தேவர் முதலில் பேசுகிறார், அவருக்கு ஆயுள் தண்டனை. கமலின் விருமாண்டி பிறகு பேசுகிறான், அவனுக்குத் தூக்கு. முதல் வாக்குமூலத்தோடு படம் நின்றிருந்தால் நாமெல்லாம் சரியான தண்டனைதான் என்று வீட்டுக்குப் போயிருப்போம். நான் 2004இல் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்துச் சீட்டுக்காரர் கொத்தாளன் பேசும்போது தலையாட்டிக்கொண்டே இருந்தார், ரெண்டாவது கதை ஓட ஓட ஆட்டம் நின்றுபோச்சு. ஒருவனைத் தூக்கில் போடச் சம்மதிப்பது எவ்வளவு சுலபம் என்று நம்மை வைத்தே செய்துகாட்டுகிறார்கள். தூக்குத் தண்டனைக்கு எதிராக யாரும் வசனம் பேசாவிட்டாலும் அது போதும், ஆனால் பேசத்தான் செய்கிறார்கள்.

கொத்தாளன் தெரிந்தே பொய் சொல்கிறான், அவன் கண் விருமாண்டியின் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர்மேல். ராஷோமோன் ஆட்கள் அப்படியில்லை, அவர்கள் தங்களிடமே பொய் சொல்லிக்கொள்கிறவர்கள். இதையும் அதையும் ஒரே பெட்டியில் போட்டு 'ராஷோமோன் பாணி' என்று ஒட்டிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

பழைய டாக்கீஸ்:

அந்த நாளைக் காப்பி என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நான் வந்துவிட்டேன். 1954இல், ஏவிஎம் தயாரிப்பில், ஒரு பாட்டுகூட இல்லாமல் வீணை எஸ். பாலசந்தர் எடுத்த படம். கதை நடப்பது 1943, ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரம்.

ராஷோமோனில் மூன்று பேரும் பழியைத் தங்கள் மேலேயே இழுத்துக்கொள்கிறார்கள், கவனித்தீர்களா? கொள்ளைக்காரன் தான்தான் என்கிறான், மனைவி மயங்கி விழித்தபோது தன் கையிலிருந்த குறுவாள் அவன் நெஞ்சில் இருந்தது என்கிறாள், கணவன் தற்கொலை செய்துகொண்டேன் என்கிறான். தண்டனைக்குப் பயந்து யாரும் பேசவில்லை, மானம் போகாமல் இருந்தால் சரி. 23 முறை வாள் மோதினோம், என்னோடு அத்தனை நேரம் நின்றவன் வேறு எவனும் இல்லை என்று கொள்ளைக்காரன் பெருமை பேசுகிறானே, அதே சண்டையை விறகுவெட்டி சொல்லும்போது பாருங்கள். ரெண்டு பேருக்கும் கை நடுங்குகிறது, தடுக்கி விழுகிறார்கள், மண்ணில் தவழ்கிறார்கள், மூச்சிரைப்புதான் காதில் விழுகிறது.

அந்த நாளில் விரல் வெளியே திரும்பிவிடும். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். அங்கே செத்தவன் ஆவியாக வந்து பேசவும் இல்லை. சிவாஜியின் ராஜன் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ஆளாக இருக்கிறான், எனவே யார் கொன்றது என்று தேடப்போய் இவன் யார் என்பதில் முட்டிக்கொள்கிறோம். ரேடியோ என்ஜினீயர், ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவன், சுட்டது மனைவி உஷா. நாட்டையா கணவனையா என்று அவள் ஒருத்திமேல் கொண்டுவந்து இறக்கவேண்டும் என்றால் உண்மை ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். "பலர் பலவிதம்" என்று முடித்திருந்தால் பண்டரிபாயின் அந்தக் கடைசிக் காட்சி எங்கே நிற்கும்? தப்பாகப் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை, வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

தவளைக்கிணறு:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் படித்துக்காட்டினேன். குறுவாள் விஷயம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் உடனே ஒரு கொக்கி போட்டான்: விறகுவெட்டி அந்த நான்காவது கதையிலும் குறுவாளைப் பற்றி வாய் திறக்கவில்லையே, வாயிலில் கூட ஒதுங்கியிருந்தவன் கிண்டிய பிறகுதானே மாட்டிக்கொண்டான், அப்புறம் அந்தக் கை நடுங்கிய சண்டையை மட்டும் நாம் ஏன் அப்படியே நம்ப வேண்டும்?

ஓலைப்பெட்டி:

நம்ப வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் நம்பிவிடுகிறேன், அசிங்கமாக இருப்பது நிஜமாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணம். தம்பியை இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.

தவளைக்கிணறு:

சொல்லிவிட்டேன். இன்றிரவு அந்த நாள் போடுகிறோம். பாட்டே இல்லையா, ஒன்றுகூட இல்லையா என்று இப்போதே மூன்று தரம் கேட்டுவிட்டான்.