பதில்: ‘பொறுப்புத் துறப்பு’ சரியான சொல்தானா? (சிமுலேட்டர் துணைப்பொதி உரிமம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாள்களாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு முன்குறிப்பு. நண்பர் ஒருவர் பிளைட்கியர் சிமுலேட்டருக்காக (கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் கட்டற்ற மென்பொருள்) ஒரு விமான நிலையத்தை உருவாக்கியிருக்கிறார். ஓடுபாதை, கோபுரம், அணுகு விளக்குகள், தரையிறங்கும் வழிக்கான வரைபடம் எல்லாம் அதில் உண்டு. சிமுலேட்டரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் இப்படிப்பட்ட தொகுப்பைத்தான் துணைப்பொதி என்கிறேன். இலவசமாகவே தருகிறார். அதன் உரிமக் கோப்பைத் தமிழாக்கும் வேலை என்னுடையது. மற்ற வரிகள் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. கடைசிப் பத்தியில் ஒரு வாரமாக நிற்கிறேன். ஏதாவது தவறு நேர்ந்து யாருக்காவது இழப்பு ஏற்பட்டால் அதை ஆக்கியவர் ஈடுகட்ட மாட்டார் என்று சொல்லும் பத்தி அது. ஆங்கிலத்தில் ‘டிஸ்கிளெய்மர்’ என்பார்கள். அதைப் ‘பொறுப்புத் துறப்பு’ என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி.

> ‘பொறுப்புத் துறப்பு’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நாளிதழில் வருகிறது, தொலைக்காட்சியில் வருகிறது. நிலைத்துவிட்ட சொல்லை ஏன் கலைக்க வேண்டும், ஐயா?

நிலைத்த சொல்லைக் கலைப்பதில் எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் துறத்தல் என்றால் என்ன? தனக்கு உரியதை விடுவது. செல்வத்தைத் துறக்கலாம், பதவியைத் துறக்கலாம், உரிமையைத் துறக்கலாம். கடனைத் துறக்க முடியுமா? கொடுத்தவர் மனம் வைத்தால் தள்ளுபடி செய்யலாம். வாங்கியவர் ‘துறந்துவிட்டேன்’ என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? பாகம் பிரிக்கும்போது எழுதும் விடுதலைப் பத்திரத்தைப் பாருங்கள். பங்கு யாருடையதோ அவர்தான் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார். ஈடுகட்ட வேண்டிய பொறுப்பும் கடனைப் போன்றதுதான். பொறுப்பாளி தானே எழுதித் தானே துறந்துவிட இயலாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வரைவை அனுப்பியபோது நண்பர் கேட்ட முதல் கேள்வி, “இந்த வரியைப் போட்டுவிட்டால் எனக்கு ஒன்றும் வராதல்லவா?” என்பதுதான். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது ‘துறப்பு’ என்ற சொல். அது கொடுக்கக் கூடாத நம்பிக்கை.

> விளையாட்டு மென்பொருள்தானே. அதற்கு ஏன் இத்தனை சட்டக் கவலை?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1964 நவம்பர் 15 அன்று பீனிக்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குச் சென்ற போனான்சா ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 29 பேர் இறந்தார்கள். விமானிகள் கையில் இருந்தது ஜெப்பெசன் நிறுவனம் அச்சிட்ட அணுகு வரைபடம், அதாவது தரையிறங்கும் வழிக்கான வரைபடம். அதில் எழுத்திலும் எண்ணிலும் ஒரு பிழையும் இல்லை. சிக்கல் படத்தில் இருந்தது. மேலிருந்து பார்க்கும் படமும் பக்கவாட்டுப் படமும் ஒரே அளவில் வரையப்பட்டவை போலத் தோன்றின. உண்மையில் முதலாவது 15 மைல் தொலைவைக் காட்டியது, இரண்டாவது 3 மைலை. ஒரே தாளில் ஐந்து மடங்கு வேறுபாடு. காப்பீட்டு நிறுவனமான ஏட்னா தொடுத்த வழக்கில், 1981இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரைபடத்தைக் குறைபாடுள்ள பொருள் என்றே கருதியது. ஒரு தாள்தான். ஆனால் நீதிமன்றத்தின் கண்ணில் அது பழுதான இயந்திரத்துக்கு நிகர்.

அதே நீதிமன்றத்துக்கு 1991இல் வேறொரு வழக்கு வந்தது. ஒரு காளான் கையேட்டை நம்பிக் காளான் பறித்துச் சமைத்து உண்ட இருவருக்குக் கல்லீரல் மாற்றும் நிலை வந்துவிட்டது. அந்தப் புத்தகம் பொருள் அன்று, அதில் இருப்பது கருத்து என்று சொல்லிப் பதிப்பகத்தை நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பிலேயே விமான வரைபடத்தைத் தனியே பிரித்தது: அது திசைகாட்டி போன்ற கருவி. மென்பொருளும் அந்தப் பக்கம் சேரக்கூடும் என்றும் கோடிட்டுக் காட்டியது.

நம் நண்பரின் துணைப்பொதிக்குள் இருப்பது வரைபடமும் மென்பொருளும்தானே? ‘மெய்யான பறப்புக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒவ்வொரு துணைப்பொதியிலும் வரும் வரியைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். உரிமக் கோப்பிலேயே கனமான வரி அதுதான் என்பேன்.

சிமுலேட்டர் என்றாலே பொழுதுபோக்கு என்ற எண்ணமும் சரியன்று. மைக்ரோசாஃப்டின் நுட்பத்தை உரிமம் பெற்று லாக்ஹீட் மார்ட்டின் 2010இல் வெளியிட்ட பிரிபேர்3டி, தனிப்பட்ட பொழுதுபோக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே தன் உரிமத்தில் சொல்கிறது. பயிற்சிக்கும் கல்விக்கும் ஆனது அது. வீட்டு மேசைக்கென்று ஒருவர் ஆக்கிய விமான நிலையம் பயிற்சிக் கூடத்துக்குள் போய்ச் சேரலாம். ஆக்கியவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.

கணினிக்கு நேரும் கேட்டையும் மறக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் பிளைட் சிம் லேப்ஸ் நிறுவனத்தின் ஏ320 துணைப்பொதியை நிறுவும் கோப்புக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்று ஒளிந்திருந்ததைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டு வரிசை எண்ணைப் பயன்படுத்திய ஒருவரைப் பிடிக்கத்தான் அது என்று நிறுவனம் விளக்கியது, பிறகு நீக்கியது, மன்னிப்பும் கேட்டது. எந்த உரிமக் கோப்பின் கடைசிப் பத்தியும் அப்படிப்பட்ட செயலைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘பொறுப்பு’ என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் ஏற்றியிருக்கும் சுமை அதிகம். கடமை உணர்வும் பொறுப்பு, பொறுப்பு அமைச்சரும் பொறுப்பு, கணக்குப் பதிவியலில் சொத்துக்கு எதிர்ப்பக்கம் வருவதும் பொறுப்பு. ஆக, ‘பொறுப்புத் துறப்பு’ என்று படிக்கும் பயனருக்கு, ஆக்கியவர் பொறுப்பற்றவர் என்றே ஒலிக்கிறது. நண்பர் அப்படிப்பட்டவர் அல்லர். ஓடுபாதை விளக்கு ஒன்று இடம் மாறியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டியபோது அன்றிரவே திருத்தி வெளியிட்டவர். அவர் ஏற்க மறுப்பது பொறுப்பை அன்று, ஈடுகட்டும் கடமையை. இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘லயபிலிட்டி’ என்பதற்கு என் முன்மொழிவு ஈட்டுப்பொறுப்பு. கோப்பில் முதல்முறை வரும் இடத்தில் ‘இழப்பீட்டுப் பொறுப்பு’ என்று விரித்து எழுதிவிட்டுப் பின்னர் இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘ஈட்டுப்பொறுப்பு மறுப்பு’. தொகைக்கு எல்லை வகுத்தால் ‘ஈட்டுப்பொறுப்பு வரம்பு’. மறுப்பு என்ற சொல்லில் நேர்மை இருக்கிறது. ஒருவர் மறுக்கலாம், மறுப்பு செல்லுமா என்பதை நீதிமன்றம் சொல்லும். பிளைட்கியர் பின்பற்றும், கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பே தன் பதினோராம் பிரிவில் ‘பொருந்தும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ உத்தரவாதம் இல்லை என்றுதான் சொல்கிறது. அளவு உண்டு என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

அந்த அளவும் சுருங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பொருள் ஈட்டுப்பொறுப்பு நெறியாணை, 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்குப் பொருந்தும். மென்பொருளையும் பொருள் என்றே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு எதிராக இந்தப் பொறுப்பை ஒப்பந்த வரியால் விலக்கவோ குறைக்கவோ முடியாது என்றும் விதிக்கிறது. வணிக நோக்கின்றித் தரப்படும் கட்டற்ற மென்பொருளுக்கு விலக்கு உண்டு. நண்பர் அந்த விலக்குக்குள் வரலாம். இதையே விலைக்கு விற்கும் ஒருவருக்கு நிலைமை வேறு.

> ‘கடப்பாடு’ இருக்கிறதே? ‘பொறுப்புடைமை’ இருக்கிறதே?

கடப்பாடு நல்ல சொல். ஆனால் ஒப்பந்தப்படி செய்தாக வேண்டிய எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஜிபிஎல்படி மூலநிரலைத் தருவதும் கடப்பாடுதான், அதில் இழப்பீடு இல்லை. பொறுப்புடைமை என்பது, ஈழத்து நண்பர்கள் ‘பொறுப்புக்கூறல்’ என்று எழுதும் கருத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

> ‘ஈட்டு’ என்றால் சம்பாதிப்பதாகத் தோன்றாதா? ஈட்டிய விடுப்பு என்கிறோமே.

நியாயமான ஐயம். ஆனால் வீடு வீட்டுவரி ஆவதைப் போல ஈடு இங்கே ஈட்டுப்பொறுப்பு ஆகிறது. விரித்த வடிவத்தை முதலில் வைக்கச் சொல்வதும் இந்த ஐயத்துக்காகவே.

> எங்கள் பக்கத்தில் பாவனை என்றால் பயன்படுத்துவது, பாவனையாளர் என்றால் நுகர்வோர். ‘பறப்புப் பாவனை’ என்று எழுதினால் நாங்கள் வேறு விதமாக விளங்கிக்கொள்வோம், அண்ணா.

‘பறப்புப் பாவனை’ என்பது சிமுலேட்டருக்குத் தமிழில் எண்ணிய சொல். நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ‘பாவனைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால், யாழ்ப்பாணத்தில் அது பயன்படுத்துவதற்கு மட்டும் என்று ஆகியிருக்கும். எச்சரிக்கை வரியே தலைகீழாகிவிடும். சிமுலேட்டர் என்றே இப்போதைக்கு எழுதுவோம். துணைநிரல் என்பதை மட்டும் ‘துணைப்பொதி’ என்று மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் இதில் பாதி நிரல் அன்று: படம், ஒலி, நிலக்காட்சி.

திருத்திய பத்தி இதோ:

“இந்தத் துணைப்பொதி சிமுலேட்டரில் பறப்பதற்கு மட்டுமே. மெய்யான விமானத்தில் வழியறியவோ தரையிறங்கவோ இதிலுள்ள எந்த வரைபடத்தையும் பயன்படுத்தக் கூடாது. இது உள்ளது உள்ளபடி தரப்படுகிறது. பொருந்தும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, இதனால் நேரும் இழப்புக்கான இழப்பீட்டுப் பொறுப்பை (இனி, ஈட்டுப்பொறுப்பு) ஆக்கியவர் மறுக்கிறார். பிழை கண்டால் எழுதுங்கள். திருத்துவது எங்கள் பொறுப்பு.”

குழுவில் உள்ள வழக்கறிஞர்களிடம் ஒரு கேள்வி. கடைசி இரண்டு வாக்கியங்களும் நான் சேர்த்தவை, மூலத்தில் இல்லை. ‘திருத்துவது எங்கள் பொறுப்பு’ என்று எழுதுவது உத்தரவாதமாகக் கொள்ளப்படுமா? அப்படியானால் எடுத்துவிடுகிறேன். நண்பருக்கு அதை வைத்துக்கொள்ளவே ஆசை.

வெள்ளிக்கிழமை வரை கோப்பை வெளியிடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்