ஆயுத பூஜை லீவுல ஹைதராபாத், எதை விடலாம்?

கேள்வி: மக்களே, லீவுக்கு குடும்பத்தோட ஹைதராபாத் போறோம், கூட ரெண்டு வாண்டுங்க, அம்மாவுக்கு முட்டி வலி வேற. சார்மினார், கோல்கொண்டா, சாலார்ஜங் மியூசியம், ஃபிலிம் சிட்டினு லிஸ்ட் நீளமா இருக்கு, அந்த கூட்டத்துல இதெல்லாம் நடக்குமா?

பதில் 1: கோல்கொண்டாவ வெயில் ஏறுறதுக்குள்ள காலைலயே முடிச்சிடுங்க. உச்சி வரைக்கும் ஏகப்பட்ட படி, அம்மாவ ஏத்தாதீங்க ப்ளீஸ். நுழைவாசல் மண்டபத்துக்கு கீழ நின்னு கை தட்டினா மேல கோட்டை உச்சில கேக்கும், அந்த காலத்து அலாரமே அதுதான், அதனால பசங்கள மேல கூட்டிட்டு போயிட்டு அம்மாவ கீழருந்து தட்ட சொல்லுங்க, செம ஜாலியா இருக்கும்.

பதில் 2: சாலார்ஜங் வெள்ளிக்கிழமை லீவு, அத பாத்து பிளான் போடுங்க. அங்க ஒரு மியூசிக்கல் கடிகாரம் இருக்கு, மணிக்கு ஒரு தடவ குட்டி பொம்மை வெளிய வந்து மணி அடிக்கும். 12 மணிக்கு போனா 12 அடி, ஆனா எல்லாரும் அப்பதான் வருவாங்க, கொஞ்சம் முன்னாடியே போய் உக்காந்துடுங்க.

பதில் 3: ஃபிலிம் சிட்டிய தூக்கிடுங்க, ஊருக்கு வெளிய, முழு நாள் போயிடும். சார்மினார் 1591ல கட்டினது, மேல ஏற சுழல் படிதான், அம்மாவுக்கு கீழருந்தே தரிசனம்! பக்கத்துலயே லாட் பஜார், வளையல் கடையா இருக்கும், அங்க விட்டுட்டா அவங்க நகரவே மாட்டாங்க. கார் எடுத்துட்டு மட்டும் போகாதீங்க, ஆட்டோதான் சரி.

கேட்டவர்: சூப்பர், ஃபிலிம் சிட்டி கட். பசங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் தெரியல.