சாதியை விடாத விசுவாசி சீஷர் ஆவாரா?

பொருநைக்கரை:

லூக்கா 14ஆம் அதிகாரத்தில், தம் பின்னால் வந்த திரளான ஜனங்களைத் திரும்பிப் பார்த்து இயேசு சொன்னதை நாம் அறிவோம். தன் சிலுவையைச் சுமக்காதவன் தமக்குச் சீஷனாயிருக்க முடியாது என்றார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றார். இந்தப் பகுதியை வைத்து நம் சபைகளில் செய்யப்படும் பிரசங்கங்கள் பெரும்பாலும் சினிமா, மது, நகை என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. இவற்றை விடுவதால் எவருக்கும் உறவு முறிவதில்லை. ஊரில் நல்ல பெயர்தான் கிடைக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவருக்கு உண்மையில் கையைக் கடிக்கிற செலவு ஒன்று உண்டென்றால் அது சாதியை விடுவது. அதை மட்டும் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

கிறிஸ்தவ மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஆவிக்குரிய குடும்பம்" என்று தொடங்குவது, அடுத்த வரியிலேயே "அதே பிரிவினர் மட்டும்" என்று முடிகிறது. சாதிப் பெயரை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் "நம் சமூகம்" என்று எழுதுகிறார்கள். இரட்சிப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பேசிக்கொள்ளலாம். மற்றதில் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையின் திருமணத்தில் சாதியைத் தவிர எதையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருப்பவரிடம் விசுவாச அறிக்கை இருக்கலாம், சீஷத்துவம் இல்லை என்பதே என் வாதம்.

கிருபையே போதும்:

சகோதரரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. உங்கள் அளவுகோல்தான் ஆபத்தானது. கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்படுகிறோம், கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்லியிருக்க, கல்யாணப் பத்திரிகையைச் சோதித்துப் பார்த்துச் சீஷனைத் தீர்மானிப்பது சிலுவையோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்ப்பதாகாதா? இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளன் என்ன செலவு செய்தான்? சொந்தத்துக்குள் மணம் முடிக்கிற எல்லோரும் மற்றவரை இழிவாக நினைக்கிறார்கள் என்று முடிவுகட்ட நாம் இருதயங்களை ஆராய்கிறவர்கள் அல்லவே.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) எண்ணிப் பாருங்கள். ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். மன்னரே கேட்டும் பிற தெய்வத் துதியோடு பாட மறுத்துவிட்டார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நம் ஆராதனைகளில் பாடுகிறோம். அவர் வேளாள வழக்கங்களைக் கைவிடவில்லை. அதற்காக மிஷனெரிகளோடு எழுத்திலேயே வாதாடினார். அவரையும் சீஷர் அல்ல என்று சொல்லிவிடுவீர்களா?

பொருநைக்கரை:

அவரது நித்தியத்தைத் தீர்மானிப்பது என் வேலை அன்று. ஆனால் சாஸ்திரியார் என் வாதத்திற்குத்தான் சாட்சி சொல்கிறார். பிழைப்பே அரண்மனையை நம்பியிருந்த ஒருவர் மன்னரின் விருப்பத்தை மறுத்தது பெரிய காரியம். அதே மனிதர், எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ண வேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற வேண்டும் என்று பின்னால் வந்த மிஷனெரிகள் வற்புறுத்தியபோது எதிர்த்து நின்றார். அரசனிடம் காட்டிய துணிவு சொந்தச் சாதியாரிடம் அவருக்கு வரவில்லை. அவருடைய பாடல்களை நான் இன்றும் பாடுகிறேன், நிறுத்தப்போவதில்லை. பாட்டின் பெருமை அந்த எதிர்ப்புக்கு நியாயமாகாது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாகவும் உடனடியாகவும் அடியோடும் கைவிட வேண்டுமென்று எழுதி அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாக ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். பிற்பாடு பலர், இந்த விஷயத்தில் நெகிழ்வு காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். விசுவாசப் பிரமாணத்தில் எந்த வரியோடும் அவர்களுக்குச் சண்டை இல்லை. அறிக்கை முழுதாக இருந்தது. செலவுக் கணக்கு வந்த அன்றுதான் எழுந்து போனார்கள்.

கிருபையைப் பற்றிக் கேட்டீர்கள். கிருபையைப் பற்றியே எழுதப்பட்ட கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதாரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகுகிறார். பேதுரு உபதேசத்தில் எதையும் மாற்றவில்லை, உட்கார்ந்த இடத்தைத்தான் மாற்றினார். அதையே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். கள்ளனுக்கோ அன்று பொழுது சாய்வதற்குள் உயிர் போகப்போகிறது. நமக்குப் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கிற அளவுக்கு ஆயுசு கொடுக்கப்பட்டிருக்கிறது.

பணகுடிக் காற்று:

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு செய்தி. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டபோது, ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனித்தனி நடுக்கூடங்களாகக் கட்டினார்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரு பக்கத்தாரும் ஒரே பூசையைக் கண்டார்கள், ஒருவரையொருவர் காணவில்லை. 1910இல் குருக்கள் தடுப்பை இடித்தபோது வேளாளர் வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தடுப்புச் சுவருக்காக அத்தனை ஆண்டுகள் வழக்குச் செலவு செய்யக் கிறிஸ்தவர்களுக்கு முடிந்திருக்கிறது என்பதைச் சீடத்துவத்தின் செலவு பற்றிப் பேசுவோர் மறந்துவிட வேண்டாம்.

மூன்றாம் பத்தி:

மேலே எழுதிய மூவரும் மேல்தட்டுக் கிறிஸ்தவர் எதைக் கொடுக்க வேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை ஒதுக்கியபோது, அதே சாலையில் அதே வேலை செய்த ஆதிதிராவிடர் ஒருவருக்கு, அவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் அது கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று சொல்லி 1985இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. லூக்கா 14 சொல்லும் செலவுக் கணக்கை நான் அந்தப் பெட்டிக்கடையில்தான் பார்க்கிறேன்.

தாசில்தார் அலுவலகத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கும் நாளில், ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் ஒரு பெயர் பட்டியல் சாதியிலிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறது. இத்தனையும் இழந்து ஆலயத்துக்குள் வந்தால், 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் நடந்ததுபோல், தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனி ஆலய நிர்வாகம், கேட்டதற்காகச் சக கிறிஸ்தவர்களிடமே அடிவாங்க வேண்டியிருக்கிறது. அரசு எங்களைக் கிறிஸ்தவர் என்று தள்ளுகிறது. சபை எங்களைச் சேரி என்று தள்ளுகிறது.

கிருபையே போதும்:

ஐயா, உங்கள் வேதனைக்கு முன் வாதம் பேசுவது கடினம். ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். விசுவாசித்துக்கொண்டே சான்றிதழில் இந்து என்று எழுதிக்கொள்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அரசு வேலைக்கு அப்படிச் சான்றிதழ் கோரிய வழக்கில், உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுப் பலனுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியலமைப்புக்கே மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிப்பவனைத் தாமும் மறுதலிப்பதாக மத்தேயு 10இல் ஆண்டவர் சொல்கிறார். பொருநைக்கரை அவர்களின் அளவுகோல் உயர்சாதிக்காரருக்குப் பொருந்தினால் இங்கேயும் பொருந்த வேண்டும். பொருந்தாது என்றால், செலவைப் பார்த்துச் சீஷத்துவத்தை அளக்கக் கூடாது என்று நான் சொன்னதுதான் நிற்கிறது.

மூன்றாம் பத்தி:

நேர்மையான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். இயேசுவின் உடலைப் பிலாத்துவிடம் கேட்டு வாங்கிய அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பை, யூதருக்குப் பயந்த "அந்தரங்க சீஷன்" என்று யோவான் 19 குறிப்பிடுகிறது. பயந்தவன் என்றும் எழுதுகிறது, சீஷன் என்ற பெயரையும் பறிக்கவில்லை. சான்றிதழில் மறைப்பது சரி என்று நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் மறைக்கவில்லை, அதன் பலனையும் அனுபவிக்கிறோம். மறைக்கிறவரிடம் விலை கேட்கும் தகுதி யாருக்கு உண்டு என்பதே என் கேள்வி. கல்விக் கட்டணத்துக்காக ஒரு தாய் ஒரு தாளில் மறைப்பது மறுதலிப்பு என்றால், மூன்று தலைமுறை நிலமும் கமிட்டிப் பதவியும் கைவிட்டுப் போகாமல் இருக்கச் சாதியை வெளிப்படையாகவே காத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஒரே அளவுகோல் என்கிறீர்கள். நல்லது, அதை முதலில் முன் பெஞ்சில் வைத்து அளந்துவிட்டுப் பின் பெஞ்சுக்கு வாருங்கள்.

கிருபையே போதும்:

பந்தியைப் பிரிப்பதும் பாத்திரத்தைப் பிரிப்பதும் கல்லறைத் தோட்டத்தைப் பிரிப்பதும் பாவம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கலாத்தியர் 2 அதற்குப் போதும். திருமணத்தை அதோடு சேர்ப்பதைத்தான் ஏற்கமாட்டேன். இன்னாரை மணந்தால்தான் திருவிருந்து என்று எந்தப் போதகரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

பொருநைக்கரை:

கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவிடம் ஆண்டவர் பாதி ஆஸ்தியைக் கேட்கவில்லை. அவனே எழுந்து நின்று கொடுத்தான். சபை செய்யக்கூடியது இவ்வளவுதான்: திருமண்டலப் பத்திரிகைகள் மண விளம்பரங்களில் சாதி வரியை அச்சிட மறுக்கட்டும், ஆலயத்தில் திருமண அறிவிப்பாகிய ஓலையை வாசிக்கும் முன் நடக்கும் ஆலோசனையில், இந்த வரன் எதனால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று போதகர் இரு வீட்டாரையும் கேட்கட்டும்.

கிருபையே போதும்:

முதலாவதற்கு உடன்படுகிறேன். ஆனால் அச்சில் விடுபட்டதை அன்று மாலையே தொலைபேசியில் கேட்பார்கள்.

மூன்றாம் பத்தி:

கேட்கட்டும். இப்போது சபைப் பத்திரிகையே அவர்களுக்காகக் கேட்டுக் கொடுக்கிறது; சந்தா கட்டும் எங்கள் காசும் அதில் இருக்கிறது. இனிமேல் கேட்கிறவர்கள் தங்கள் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்.