பழைய மாருதி 800-க்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பலன் உண்டா?

வைகைக்கரை:
1996 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், அப்பா வாங்கியது, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினில் டிக்டிக்கென்று ஒரு சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பங்க்கில் கேட்டால் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 போடுங்கள், பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போடலாமா?

மலைப்பாதை:
நீங்கள் கேட்பது நாக்கிங் சத்தம். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டுவது இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் பொறிக்குப் பிறகு எரிய வேண்டிய கலவை தானாகவே வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அது. அப்படித் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 9-ஐ ஒட்டித்தான் இருக்கும், அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெட்ரோலே 87, 88 ஆக்டேன்தான், அதிலேயே ஒழுங்காக ஓடிய வண்டி இது. புது டர்போ கார்களில் நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் இருப்பதால் நல்ல பெட்ரோல் கிடைத்தால் கம்ப்யூட்டர் டைமிங்கை (பிளக் பொறி விழும் நேரத்தை) முன்னால் தள்ளிக் கொஞ்சம் சக்தியைக் கூடுதலாக எடுக்கும். உங்களுடையது போல டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பழைய கருவி) வைத்த வண்டிக்கு அந்த வசதியே இல்லை. எனவே பிக்கப், மைலேஜ் எதுவும் கூடப் போவதில்லை.

செவர்லே_ரசிகன்:
நான் பழைய காரில் பிரீமியம்தான் போடுகிறேன், ஓட்டம் மென்மையாகத்தான் இருக்கிறது.

மலைப்பாதை:
ஏற்கனவே நாக்கிங் இருந்த வண்டி என்றால் மென்மையாகத் தெரியும், அது உண்மை. பிரீமியத்தில் கிளீனிங் சேர்மானங்களும் இருக்கும். ஆனால் சத்தம் ஏன் வருகிறது என்பதை விட்டுவிட்டுப் பெட்ரோலை மட்டும் மாற்றினால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

ஒர்க்‌ஷாப்_அண்ணன்:
தம்பி, முதலில் டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள், யாராவது பிக்கப்புக்காக அட்வான்ஸ் கூட்டி, அதாவது பொறி முன்கூட்டியே விழும்படி, வைத்திருந்தால் மலையில் இந்தச் சத்தம் கட்டாயம் வரும். அப்புறம் பிஸ்டன் தலையில் கார்பன் படிந்திருந்தால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடும், அந்தக் கார்பனே கங்கு மாதிரி கனன்று கலவையைப் பற்றவைக்கும், பழைய இன்ஜின் ஆக்டேன் அதிகம் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது), இதையும் விடாதீர்கள். ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கிவிட்டால் பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. இப்போது வரும் இ20 பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஒத்துக்கொள்ளுமா?

ஒர்க்‌ஷாப்_அண்ணன்:
ஆக்டேன் பக்கம் கவலையே வேண்டாம், எத்தனால் கலந்ததால் சாதாரண பெட்ரோலே இப்போது 95-ஐத் தொடுகிறது. உங்கள் வண்டிக்கு இடைஞ்சல் வேறு இடத்தில். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், கார்புரேட்டருக்கு அதைத் தெரிந்து பெட்ரோலைக் கூட்டிவிடத் தெரியாது, கலவை மெலிந்து வண்டி இழுக்காது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் ஊறி வெடிக்கும், டேங்க்கில் இருக்கும் பழைய அழுக்கைக் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். எக்ஸ்பி100-க்குக் கொடுக்கும் காசில் எத்தனால் தாங்கும் ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள், ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கைப் பாதியில் விடாதீர்கள், காற்றிலிருந்து ஈரம் இறங்கித் துருப்பிடிக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே பானெட்டைத் திறந்து பாருங்கள், ஹோஸ் கசிவில் தீப்பிடித்தால் வண்டி மிஞ்சாது.